ஆர்ட்டிசோக் செடிக்கு உரம்: எதை, எப்போது, எவ்வளவு

ஆர்ட்டிசோக் பெருந்தீனிக்காரச் செடி. நன்றாக வளர்ந்த ஒன்று நான்கு அடி உயரம் போகும், ஐந்தாறு அடி அகலத்துக்குப் பரவும். இலை ஒவ்வொன்றும் முழங்கையைத் தாண்டி நீளும். இத்தனை இலையை ஒரே பருவத்தில் விட்டு, மொட்டும் விட்டு, கோடையில் எல்லாம் காய்ந்து, மறுபடி தூரிலிருந்து துளிர்த்து வருகிற செடிக்கு மண்ணில் இருப்பது மட்டும் போதாது. உரம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. பிசகுவது நேரம்தான். மொட்டு கண்ணில் பட்ட பிறகுதான் பலரும் உரப்பையைத் தேடுகிறார்கள். அதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

நாம் சாப்பிடுவது விரியாத பூமொட்டை. அது எவ்வளவு பெரிதாக வரும், ஒரு செடியில் எத்தனை வரும் என்பதெல்லாம் முந்தைய மாதங்களில் செடி எவ்வளவு இலை சேர்த்து வைத்திருந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே உரத்தை இலை வளரும் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். செடி ஓய்வெடுக்கும்போது கொடுக்கவே கூடாது. மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

இங்கே சொல்லும் மாதக் கணக்கு கலிஃபோர்னியாவின் கடலோரத்துக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கும் உரியது. அமெரிக்காவில் வணிகமாக விளையும் ஆர்ட்டிசோக் ஏறக்குறைய அத்தனையும் இந்த மாநிலத்தில்தான் விளைகிறது. அதிலும் மான்டரே கவுண்டியில் உள்ள காஸ்ட்ரோவில் சுற்றுவட்டாரம் இதற்கே பேர்போன இடம். ‘உலகின் ஆர்ட்டிசோக் மையம்’ என்று தெருவுக்குக் குறுக்கே வளைவே வைத்திருக்கிறார்கள். 2013 இல் இதை மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் காய்கறியாகவும் அறிவித்தார்கள். காரணம் தட்பவெப்பம்தான்: பனிமூட்டத்தோடு குளுகுளுவென்றிருக்கும் கோடை, கடும் உறைபனி இல்லாத குளிர்காலம். கடலைவிட்டு உள்ளே போகப்போகக் கோடை கடுமையாகும், செடியின் ஓய்வுக்காலமும் நீளும். அங்கே இருப்பவர்கள் மாதங்களைச் சற்று முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள்.

முதலில், செடியின் ஆண்டுக்கணக்கு

ஆர்ட்டிசோக் பல ஆண்டுப் பயிர். ஒரே இடத்தில் ஐந்து ஆண்டு, பராமரிப்பு நன்றாக இருந்தால் அதற்கு மேலும் காய்க்கும். வாழையைப் போலத்தான் இதன் குடும்ப அமைப்பு: ஒரு தண்டு மொட்டு விட்டு முடிந்ததும் அதன் கதை முடிந்தது, பக்கத்தில் முளைக்கும் கன்றுகள் அடுத்த முறைக்குத் தயாராகும். உரம் போடும்போது இந்த ஆண்டு மொட்டுக்கு மட்டும் அல்ல, அடுத்த கன்றுகளுக்கும் சேர்த்தே போடுகிறோம்.

வேரூன்றிய செடி கடலோரத்தில் இப்படி நடந்துகொள்ளும். மார்ச் முதல் மே வரை மொட்டு. ஜூனில் இலைகள் மஞ்சளாகிச் சோர்ந்து விழும். ஜூலைக் கடைசியில் அல்லது ஆகஸ்டில் தூரிலிருந்து புதுத் துளிர் வரும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலை மளமளவென்று பெருகும். சில செடிகள் இந்தச் சமயத்தில் சிறிதாக ஒரு ஈடு மொட்டும் கொடுக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் குளிரில் வளர்ச்சி மந்தமாகும். பிப்ரவரியில் மறுபடி வேகம் எடுக்கும். நடுத்தண்டு எழும்ப ஆரம்பிப்பதும் அதையொட்டித்தான்.

இந்தக் கணக்கில் உரத்துக்கு முக்கியமான இடங்கள் இரண்டு: ஆகஸ்ட் துளிரும் பிப்ரவரி வேகமும். எல்லா மாதமும் ஞாபகம் வைத்து உரம் போட முடியாதவர்கள் இந்த இரண்டை மட்டும் தவறவிடாமல் இருந்தால் போதும், ஓரளவு நல்ல விளைச்சல் கிடைக்கும்.

நடும்போது அடியுரம்

ஜனவரி முதல் மார்ச் வரை நர்சரிகளில் வெறும் வேரோடு கூடிய தூர்களும், சிறு தொட்டியில் வளர்த்த கன்றுகளும் கிடைக்கும். ‘கிரீன் குளோப்’ இங்கே பழகிப்போன பழைய ரகம். விதையிலிருந்து முதல் ஆண்டிலேயே மொட்டு வேண்டும் என்பவர்களுக்காக உருவாக்கப்பட்டது ‘இம்பீரியல் ஸ்டார்’. உரத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வளைகுடாப் பகுதி மண் பெரும்பாலும் களிமண். சத்து இருக்கும், ஆனால் தண்ணீர் இறங்காது. ஆர்ட்டிசோக் வேர் ஆழமாகப் போகும். தண்ணீர் தேங்கினால் தூர் அழுகிவிடும். அதனால் அடியுரம் என்று நாம் போடுவதில் பாதி வேலை மண்ணை இளக்குவது, மீதி வேலை சத்துக் கொடுப்பது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். செடிக்குச் செடி குறைந்தது நான்கு அடி விட்டு இடம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டடி அகலத்துக்கு, மண்வெட்டி முழுசாக இறங்கும் ஆழத்துக்குக் கொத்துங்கள். அதன் மேல் மூன்று நான்கு அங்குலக் கனத்துக்கு நன்றாக மட்கிய கம்போஸ்ட்டைப் பரப்புங்கள். அரை கப் சமச்சீர் இயற்கை உரம், அதாவது பையில் 5-5-5 அல்லது 4-4-4 என்று போட்டிருப்பது, தூவுங்கள். எல்லாவற்றையும் தோண்டிய மண்ணோடு கலந்து, கன்றை நட்டு, தண்ணீர் விடுங்கள். உரத்தைக் குழியின் அடியில் ஒரே குவியலாகக் கொட்டி அதன் மேல் கன்றை வைக்க வேண்டாம். இளவேர் நேராக அதில் போய்ப் பட்டுக் கருகும்.

மண் பல ஆண்டுகளாகக் காய்கறி போட்டு, எரு போட்டு வந்த மண் என்றால் அந்த அரை கப் உரமும் வேண்டாம், கம்போஸ்ட் போதும். மணிச்சத்துக்காக (பாஸ்பரஸ்) எலும்புத்தூளைத் தனியாகப் போடும்படி சில கடைகளில் சொல்வார்கள். எருவும் கம்போஸ்ட்டும் ஆண்டுதோறும் போடும் மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே தேங்கி நிற்கும். இங்கே பல இடங்களில் மண் சற்றுக் காரத்தன்மை கொண்டது. பிஎச் 7 ஐத் தாண்டினால் எலும்புத்தூள் கரைவதே அபூர்வம். ஆர்ட்டிசோக்குக்கு அந்தக் காரம் ஒன்றும் செய்யாது, 6.5 முதல் 8 வரை தாங்கும். எலும்புத்தூள் வாங்கும் காசுக்கு இன்னொரு மூட்டை கம்போஸ்ட் வாங்கலாம். அடுப்புச் சாம்பலையும் அதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள். ஊரில் செம்மண்ணுக்கு அது பொருந்தியிருக்கலாம். இங்கே இருக்கிற காரத்தை இன்னும் ஏற்றும்.

பையில் இருக்கும் மூன்று எண்கள்

எந்த உரப்பையிலும் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல் சத்து. மூன்றும் எடையில் சதவீதம். 5-5-5 உரம் 100 கிராம் போட்டால் 5 கிராம் தழைச்சத்து போட்டதாகக் கணக்கு. அம்மோனியம் சல்ஃபேட் 21-0-0 என்றால் 100 கிராமில் 21 கிராம். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எந்த உரத்தையும் எந்த உரத்துக்கும் மாற்றாகப் போடலாம், கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை.

ஆர்ட்டிசோக்குக்கு அதிகம் வேண்டியது தழைச்சத்து. வேரூன்றிய ஒரு செடிக்கு, வளரும் காலத்தில், மாதம் ஒன்றுக்கு 5 அல்லது 6 கிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால் வீட்டுத் தோட்டத்துக்குச் சரியாக இருக்கும். அதை எப்படிக் கொடுப்பது?

அம்மோனியம் சல்ஃபேட் என்றால் சுமார் 28 கிராம், இரண்டு மேசைக்கரண்டி. வேகமாக வேலை செய்யும், விலையும் குறைவு. ரத்தத்தூள் 12-0-0 என்றால் சுமார் 45 கிராம், அதாவது கப்பில் மூன்றில் ஒரு பங்கு. பருத்திக்கொட்டைப் புண்ணாக்குத்தூள் தோராயமாக 6-2-1. அது 90 கிராம் வேண்டும். 5-5-5 என்றால் 110 கிராம். ஆனால் மாதாமாதம் அதையே போட்டால் செடிக்குத் தேவையில்லாத மணிச்சத்தும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே அது அடியுரத்துக்கு மட்டும், மேலுரத்துக்குத் தழைச்சத்து தூக்கலாக உள்ளதைப் பார்த்து எடுங்கள்.

சமையலறைத் தராசில் ஒருமுறை எடை போட்டுப் பார்த்து, ஒரு பழைய டப்பாவில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் பிறகு அளக்கும் வேலையே இல்லை. உரத்துக்கு உரம் அடர்த்தி மாறும் என்பதால் கரண்டிக் கணக்கை எல்லாவற்றுக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நட்ட முதல் ஆண்டுக் கன்றுக்கு மேலே சொன்னதில் பாதி போதும்.

மேலுரம் போடும் விதம்

நட்ட கன்று புதிதாக ஐந்தாறு இலை விட்டதும் முதல் மேலுரம். பொதுவாக இது நட்டு நான்கு முதல் ஆறு வாரத்தில் வரும். அதற்கு முன்னால் போடுவதில் பயன் இல்லை, வேர் இன்னும் மண்ணைப் பிடித்திருக்காது.

தூரை ஒட்டிப் போடாதீர்கள். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இலை விரிந்திருக்கும் ஓரம் வரை, வட்டமாகத் தூவுங்கள். உணவை உறிஞ்சும் நுனிவேர்கள் அந்தப் பகுதியில்தான் இருக்கும். மூடாக்கு போட்டிருந்தால் அதை ஒதுக்கிவிட்டு மண்ணின் மேல் உரத்தைத் தூவி, கைக்கொத்தால் ஓரங்குல ஆழத்துக்கு லேசாகக் கிளறி, மூடாக்கை இழுத்து மூடுங்கள். உடனே தண்ணீர் விடுங்கள். சொட்டுநீர்க் குழாய் வைத்திருப்பவர்கள் உரம் குழாய்த் துளைகளின் பக்கத்தில் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரம் படாத இடத்தில் கிடக்கும் உரம் அடுத்த மழை வரை அப்படியேதான் கிடக்கும்.

ரத்தத்தூள், மீன் உரம் போன்றவற்றை மண்ணுக்குள் கிளறி விடுவதற்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. ரக்கூன். வாசனை பிடித்துக்கொண்டு இரவில் வந்து, உரத்தோடு சேர்த்துச் செடியையும் பறித்துப் போட்டுவிட்டுப் போகும். நாய் வளர்ப்பவர்களுக்கும் இதே தொல்லைதான்.

வேரூன்றிய செடிக்கு மாதவாரியாக: ஆகஸ்டில் துளிர் வந்ததும் கம்போஸ்ட்டும் முதல் மேலுரமும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாதம் ஒருமுறை. டிசம்பர், ஜனவரியில் விட்டுவிடலாம். மண் குளிர்ந்திருக்கும்போது இயற்கை உரங்களை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும், மழையில் அம்மோனியம் சல்ஃபேட் போன்றவை அடித்துக்கொண்டு போய்விடும். பிப்ரவரி நடுவில் கட்டாயம் ஒருமுறை. மார்ச்சில், முதல் மொட்டு எலுமிச்சம்பழ அளவுக்கு வரும்போது, கடைசியாக ஒன்று. அதற்குப் பிறகு அறுவடை முடியும்வரை தண்ணீர் மட்டும்.

அந்தக் கடைசி உரம் முதல் மொட்டுக்காக அல்ல. நடுத்தண்டின் உச்சியில் வரும் முதல் மொட்டுதான் எப்போதும் பெரியது. அதை அறுத்த பிறகு பக்கக் கிளைகளில் வரும் இரண்டாம், மூன்றாம் ஈட்டுக்குத்தான் அது உதவும்.

ஊர்ப்பழக்க உரங்கள் இங்கே சரிப்படுமா

மாடித் தோட்ட வீடியோக்களைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சில நன்றாகவே சரிப்படும்.

மீன் அமிலம் ஆர்ட்டிசோக்குக்கு நல்ல பொருத்தம். மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் போட்டுப் புளிக்கவைத்துத் தயாரிப்பது. லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேரில் ஊற்றலாம். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொறுத்தது. அது வேண்டாம் என்றால் இங்கே கடையில் கிடைக்கும் மீன் கரைசல், பெரும்பாலும் 5-1-1, அதே வேலையைச் செய்யும். நான்கு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. ஆனால் இதை மட்டுமே நம்பினால் பெரிய செடிக்குப் பற்றாது; மாதம் இருமுறை ஊற்றினாலும் 3 கிராம் தழைச்சத்துதான் போய்ச்சேரும். புண்ணாக்குத்தூள் மேலுரத்தை முழுதாக விடாமல் பாதி அளவு போட்டுவிட்டு, கூடவே இதை ஊற்றலாம்.

கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து உண்டு. கிடைத்தால் அருமை. இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம், தூளாகவும் மண்ணில் புதைக்கலாம். இங்கே எளிதில் கிடைப்பது பருத்திக்கொட்டைத் தூளும் ஆல்ஃபால்ஃபாத் தூளும்தான். வேப்பம் புண்ணாக்கும் தோட்டக் கடைகளில் இருக்கிறது, விலைதான் கொஞ்சம் அதிகம்.

அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள், கெடுதல் இல்லை. உரம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். காப்பித்தூள் சக்கையும் வாழைப்பழத் தோலும் கம்போஸ்ட் தொட்டிக்குள் போகட்டும். சக்கையைச் செடியடியில் கனமாகக் கொட்டினால் காய்ந்து தட்டையாகி, தண்ணீர் இறங்காமல் தடுக்கும். முட்டை ஓட்டைப் பற்றிக் கீழே வேறொரு இடத்தில் சொல்கிறேன். எப்சம் உப்பு வேண்டவே வேண்டாம். மண்ணில் மெக்னீசியம் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் ஒழிய அது கால்சியத்துக்குப் போட்டியாகத்தான் நிற்கும், அந்தக் கால்சியம் இந்தச் செடிக்கு முக்கியம்.

எருவும் கம்போஸ்ட்டும் வாங்கும்போது

இந்தப் பகுதியை அவசரமாகப் படித்துத் தாண்ட வேண்டாம்.

மேய்ச்சல் நிலங்களிலும் வைக்கோல் வயல்களிலும் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகளை அடிப்பதுண்டு. புல்லை அவை ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின், குதிரையின் வயிற்றில் இந்த மருந்துகள் சிதைவதில்லை. சாணத்தோடு அப்படியே வெளியே வந்துவிடும். கம்போஸ்ட் குவியலின் சூட்டிலும் எளிதில் அழியாது. மிகமிகச் சிறிய அளவு இருந்தாலும் மூன்று குடும்பச் செடிகளை முறுக்கிவிடும்: அவரைக் குடும்பம், தக்காளிக் குடும்பம், சூரியகாந்திக் குடும்பம். ஆர்ட்டிசோக் அந்த மூன்றாவது குடும்பம். இது முள்செடியின் சொந்தக்காரன். அந்த மருந்துகளின் குறியும் முள்செடிகள்தான்.

அதனால் இலவசக் குதிரைச் சாணம் கிடைக்கிறதே என்று ஒரு டிரக் நிறைய ஏற்றிவந்து பல ஆண்டு இருக்கப்போகும் செடிக்கு அடியில் போடுவதற்கு முன் சோதனை செய்யுங்கள். வைக்கோலுக்கும், நகராட்சிகள் இலவசமாகக் கொடுக்கும் கம்போஸ்ட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். சோதனை எளிது. எருவில் பாதி, நல்ல தொட்டி மண்ணில் பாதி கலந்து மூன்று சிறு தொட்டிகளை நிரப்புங்கள். வெறும் தொட்டி மண்ணில் இன்னொரு மூன்று. எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரம் பாருங்கள். எருத் தொட்டிகளில் மட்டும் இலை கிண்ணம் போல் சுருண்டோ, நுனி முறுக்கியோ வந்தால் அந்த எருவைத் தொடாதீர்கள். ஒழுங்காக வந்தால் தைரியமாகப் போடலாம்.

இன்னொன்று: மட்காத பச்சைச் சாணம். உடல்நலத்துக்காக, உண்ணும் பகுதி மண்ணில் படாத பயிருக்கு அறுவடைக்கு 90 நாள் முன்பும், படும் பயிருக்கு 120 நாள் முன்பும் பச்சை எருவை நிறுத்திவிட வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. ஆர்ட்டிசோக் மொட்டு தரையில் படாது என்றாலும் பனிக்கால மழை மண்ணைத் தெறிக்கவிடும். ஆகஸ்டில் கம்போஸ்ட் போடும் வேளையோடு எரு வேலையை முடித்துவிட்டால் கவலை இல்லை. கோழி எரு சூடானது, இளங்கன்றைச் சுட்டுவிடும்; மட்கியதை மட்டும், ஒரு கைப்பிடி இரண்டு கைப்பிடி என்ற அளவில் போடுங்கள்.

தண்ணீர் இல்லாமல் உரம் இல்லை

உரத்தை வேருக்குக் கொண்டுபோவது தண்ணீர். வாரத்துக்கு ஓரங்குலத்துக்குக் குறையாமல், வெயில் காலத்தில் இரண்டங்குலம் வரை, ஆழமாக இறங்கும்படி விட வேண்டும். தினமும் மேலாகத் தெளிப்பது இந்தச் செடிக்கு ஆகாது.

மொட்டின் சிறு செதில்களின் நுனி கறுத்துப்போவதைப் பார்த்துவிட்டுப் பலரும் நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். அது நோயில்லை. வேகமாக வளரும் இளஞ்செதில் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் கால்சியம் இல்லாததால் அல்ல. காற்றும் வெயிலும் அடிக்கும் நாட்களில் தண்ணீர் தொடர்ச்சியாகக் கிடைக்காததால். கால்சியம் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். இங்கேதான் முட்டை ஓடு வருகிறது. ஓட்டைப் பொடித்துப் போட்டால் அது கரையப் பல ஆண்டு ஆகும், கார மண்ணில் இன்னும் தாமதம். கறுப்பு நுனிக்கு மருந்து சீரான ஈரம். மூன்றங்குல மூடாக்கு போடுங்கள், தூரை மட்டும் மூடாமல் விடுங்கள். மரச்சீவலை மூடாக்காக மேலே பரப்பலாம். மண்ணுக்குள் கலந்துவிட்டால் அது மட்குவதற்குச் செடியின் தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

கறுத்த நுனியை வெட்டிவிட்டுச் சமைக்கலாம், உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. அதேபோல உறைபனி பட்டு மேல்தோல் வெளுத்து உரிந்த மாதிரி இருக்கும் மொட்டையும் தூக்கிப் போடாதீர்கள். ருசியில் அதுதான் மேல் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி.

அறுவடைக்குப் பின் உரத்தை நிறுத்துவது

மே மாதக் கடைசியில் தண்டுகள் மொட்டு விடுவதை நிறுத்தி, இலை மஞ்சளாகும். அப்போது மனது கேட்காமல் உரம் போட்டு எழுப்பப் பார்ப்போம். வேண்டாம். காய்த்து முடிந்த தண்டுகளைத் தரைமட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். மூன்று நான்கு வாரம் தண்ணீரையும் வெகுவாகக் குறையுங்கள். கடும் வெயில் இடம் என்றால் தூர் காய்ந்து சுருங்காமல் இருக்க எப்போதாவது ஒருமுறை நனைத்தால் போதும். பிறகு தண்ணீரைத் திரும்பத் தொடங்கினால் கன்றுகள் எழும்.

பிப்ரவரி, மார்ச்சில் நட்டு அந்த ஆண்டு மொட்டே விடாத இளஞ்செடியை ஜூனில் வெட்ட வேண்டாம். அது தானாகக் காய்ந்தால் ஒழிய, அளவாக உரமும் தண்ணீரும் கொடுத்துக் கோடையைக் கடத்துங்கள்.

வெட்டிய இலையும் தண்டும் ஒரு குவியலே சேரும். அசுவினியோ புழுவோ அதிகம் இல்லாவிட்டால் நறுக்கிக் கம்போஸ்ட் தொட்டியில் போடுங்கள். செடி எடுத்துக்கொண்ட சாம்பல் சத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. புழுத் துளைத்த மொட்டுகளை மட்டும் குப்பைக்கு அனுப்பிவிடலாம்.

ஆகஸ்டில் துளிர் வரும்போது ஒரு தூரைச் சுற்றிப் பத்துக்கு மேல் கன்றுகள் எழுவது சாதாரணம். அத்தனைக்கும் உரம் போட்டுக் கட்டாது. தடித்த நான்கைந்தை விட்டுவிட்டு மற்றதைக் கூரிய மண்வெட்டியால் வேரோடு பெயர்த்தெடுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் உரத்தை மட்டும் கூட்டினால் நெருக்கியடித்து இலைதான் வரும், மொட்டுகள் கோலிகுண்டு அளவில் நிற்கும்.

இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க

அடி இலைகள், அதாவது பழைய இலைகள், முதலில் மஞ்சளாகி வளர்ச்சியும் நின்றால் தழைச்சத்துக் குறைவு. மீன் கரைசல் ஊற்றினால் இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால் ஜூனில் மஞ்சளாவது ஓய்வுக்கான அறிகுறி. அதைப் பசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புது இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. காரமான மண், தண்ணீர் தேங்கிய மண், குளிர்ந்த மண் மூன்றிலும் இது வரும். முதலில் வடிகாலைக் கவனியுங்கள். அப்புறமும் சரியாகாவிட்டால் கீலேட் வடிவ இரும்புச்சத்து வாங்கி ஊற்றலாம்.

இலை ஓரம் காய்ந்து பழுப்பானால் உப்பு ஏறியிருக்கலாம். மற்ற காய்கறிகளைவிட ஆர்ட்டிசோக் உப்பை நன்றாகவே தாங்கும். அதையும் மீறி வந்திருக்கிறது என்றால் உரம் கைமீறிப் போயிருக்கிறது. உரத்தை நிறுத்தி, நல்ல தண்ணீரை ஆழமாக விட்டுக் கழுவுங்கள்.

இலை கரும்பச்சையாகக் கொழுத்து, குருத்துக்குள் அசுவினி மொய்த்தால் தழைச்சத்து அதிகம். அசுவினிக்குப் பிடித்ததே சாறு நிறைந்த அந்த இளசுதான். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டிவிட்டு, அடுத்த மாத உரத்தைத் தாண்டிவிடுங்கள்.

செடி அருமையாக இருக்கிறது, மொட்டு மட்டும் வரவே இல்லை என்றால்? பெரும்பாலும் அது உரத்தால் வருவதல்ல. மொட்டு விட ஆர்ட்டிசோக்குக்குக் குளிர் படவேண்டும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, அதாவது 50 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, சில நூறு மணிநேரம். இம்பீரியல் ஸ்டாருக்கு இன்னும் குறைவாகப் போதும். ஏப்ரல், மே மாதத்தில் நட்ட கன்றுக்கு அந்தக் குளிர் கிடைத்திருக்காது. மணிச்சத்து அதிகமுள்ள ‘பூ உரம்’ வாங்கிப் போட்டு அதை ஏமாற்ற முடியாது. அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு

குறைந்தது 15 காலன் தொட்டி, 20 இருந்தால் நல்லது. தொட்டியில் தண்ணீர் விடும்போதெல்லாம் உரம் அடியில் கசிந்து போய்விடும் என்பதால் தரைச்செடிக்கு மாதம் ஒருமுறை கொடுப்பதை இங்கே இரண்டாகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதி அளவாகக் கொடுங்கள். கரைத்து ஊற்றும் உரமே வசதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடித்துளை வழியாக நிறையத் தண்ணீர் வெளியேறும்படி ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஆகஸ்டில் மேல்மண்ணை நான்கு அங்குலம் எடுத்துவிட்டுப் புதுக் கம்போஸ்ட் நிரப்புங்கள்.

தரையிலும் தொட்டியிலும் நான்காவது ஆண்டு வாக்கில் மொட்டு சிறுத்துக்கொண்டே வந்தால் உரத்தைக் கூட்ட வேண்டாம். தூர் கட்டையாகி நெருங்கிவிட்டது. இலையுதிர் காலத்தில் முழுசாகத் தோண்டி எடுத்து, வேருள்ள நல்ல கன்றுகளாகப் பிரித்து, வேறு இடத்தில் அடியுரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய இடத்தில் ஒரு பருவம் கீரையோ பட்டாணியோ போடலாம்.